இமைக்காத டீச்சர்

அத்தியாயம் 6

குளுவாங்கிலிருந்து காஹாங் போகிற சாலையில் செம்பனையைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது என்று ஏதோ சட்டம் இருக்கிறது போல. இடது பக்கம் செம்பனை, வலது பக்கம் செம்பனை, முன்னால் போகிற லாரி நிறைய செம்பனைக் குலை. அந்த லாரியை முந்தத் தைரியமில்லாமல் மைக்கலின் மைவி கார் பின்னாலேயே தவழ்ந்துகொண்டிருந்தது.

பக்கத்து இருக்கையில் கிருஷ்ணம்மா. ஜொகூர் மாநிலத்திலேயே மாமியாரும் மருமகனுமாக நடத்துகிற துப்பறியும் நிறுவனம் இது ஒன்றுதான். மாமியார் துப்பறிவார். மருமகன் மைக்கல் கார் ஓட்டுவான், பேசுவான், திட்டு வாங்குவான். கிருஷ்ணம்மா ஒரு ஆளைப் பார்க்க ஆரம்பித்தால் கண் இமைக்க மாட்டார். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு தடவை செனாயில் ஒரு தொழிற்சாலைக் கணக்காளர், தான் செய்யாத இரண்டு குற்றங்களையும் சேர்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"அத்தை, இதப் பாருங்க," என்று மைக்கல் கைப்பேசியை நீட்டினான்.

திரையில் கிருஷ்ணம்மா தெரிந்தார். மூன்று மூக்குத்தி போட்டிருந்தார். ஒரு காது கன்னத்தில் இருந்தது. "என் மாப்ள மைக்கல் தங்கமான பையன்," என்று சொல்லிவிட்டு அந்தக் கிருஷ்ணம்மா சிரித்தார். அவருக்கு நாற்பது பல் இருந்தது.

"நீங்க செஞ்சீங்களா?"

"ஆமா அத்தை. டீப்ஃபேக். கேஸே இத பத்தித்தானே, அதான் பழகிப் பாத்தேன். உங்க பொண்ணு ரூபினிக்கு அனுப்பினேன். சிங்கப்பூர்ல வேலைக்கு நடுவுல உடனே பதில் போட்டுட்டா. போலின்னு."

"காதப் பாத்துக் கண்டுபிடிச்சாளா?"

"இல்ல. வசனத்தக் கேட்டு."

கிருஷ்ணம்மா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க மாப்ள. உங்கள வெச்சிக் கார் ஓட்டறத விட அந்தக் குலைங்க மேல ஏறி உக்காந்து போலாம்." அவர் மருமகனை எவ்வளவு திட்டினாலும் மரியாதை விடாமல்தான் திட்டுவார். அது குடும்பப் பழக்கம்.

கேஸ் இதுதான். காஹாங்கில் ஒரு இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ் சொல்லிக் கொடுக்கிற ஃபெலிசியா டீச்சரின் வீடியோ ஒன்று, ஒரு வாரமாகப் பெற்றோர்களின் கைப்பேசிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினோரு வினாடி. அதில் டீச்சர் சொல்கிறார்: "உங்க புள்ளைங்களுக்கு எதுக்குப் படிப்பு? எல்லாரும் படிச்சிட்டா செம்பனைக் காட்டுல குலை பொறுக்குறது யாரு?"

இன்று மாலை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். அதற்குள் வீடியோ போலி என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் தானே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுவதாக டீச்சர் எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்திருந்தார்.

*

கணினி அறைச் சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கியது. 'டீப்ஃபேக்: கண்டுபிடிக்கப் பத்து அடையாளங்கள்.' கண் இமைக்கவில்லையா, பல் தெரியவில்லையா, முடி அசையவில்லையா, இரண்டு காதும் ஒரே மாதிரி இல்லையா என்று போய்க்கொண்டே இருந்தது.

"இது நான் எழுதினது அக்கா," என்றார் ஃபெலிசியா. நாற்பதைத் தொடுகிற வயது. ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்று முகத்தில் பவுடருக்கு மேலேயே தெரிந்தது. "இப்ப இருக்கற புள்ளைங்க எதப் பாத்தாலும் நம்புது. அதனால ஒரு போட்டி வெச்சேன். ஒவ்வொரு குழுவும் மூணு வீடியோ கொண்டு வரணும். ரெண்டு நெஜம், ஒண்ணு மிஷின் செஞ்சது. மத்தவங்க எது போலின்னு கண்டுபிடிக்கணும். அனுமதி இல்லாம யார் மொகத்தையும் எடுக்கக் கூடாதுன்னு கண்டிஷன். சரி, என் மொகத்த எடுத்துக்கங்கன்னு நானே கொடுத்தேன்."

"பெரிய மனசு," என்றான் மைக்கல்.

"இந்தப் பதினோரு வினாடி, ஐந்தாம் படிவம் ஷர்மினி கொண்டு வந்தது. பத்துல எட்டு அடையாளம் இருக்குன்னு வகுப்பே கத்திச்சி. அவதான் ஜெயிச்சா. ஆயர் ஈத்தாம்லேருந்து ஒரு மண் யானை வாங்கிப் பரிசு கொடுத்தேன். யாரோ ஒரு பையன் வேடிக்கைக்கு அவங்கம்மாவுக்கு அனுப்பியிருக்கான். அந்தம்மா 'போலி'ங்கற வார்த்தைய மட்டும் விட்டுட்டு எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க."

"மிஷின் செஞ்சதுன்னு ஷர்மினிய சொல்லச் சொன்னா முடிஞ்சிதே."

"சொன்னா. சங்கத் தலைவர் வீரமுத்து ஒத்துக்கல. அப்படின்னா எங்க கண்ணு முன்னால இன்னொண்ணு செஞ்சி காட்டட்டும்னு சொல்லிட்டாரு. ஷர்மினி லேப்டாப் கெட்டுப் போச்சாம். பள்ளி லேப்டாப் கொடுத்தேன். அதுவும் அவ தொட்டதும் கெட்டுப் போச்சி."

"வீரமுத்து வேற என்ன கேட்டாரு?"

ஃபெலிசியா யோசித்தார். "மத்தவங்க எல்லாம் போன் போட்டு, ஏன் டீச்சர் இப்படிப் பேசினீங்கன்னு கேட்டாங்க, திட்டினாங்க. அவரு மட்டும் அத கேக்கல. வீடியோ இவ்வளவுதானா, இன்னும் இருக்கான்னு கேட்டாரு. இவ்வளவுதான்னேன். சரின்னு வெச்சிட்டாரு."

கிருஷ்ணம்மா வீடியோவைச் சத்தமில்லாமல் ஓட விட்டுப் பார்த்தார். மார்புக்கு மேலே மட்டும் தெரிகிற ஃபெலிசியா. கண் இமைக்கவில்லை. முடி அசையவில்லை. பார்வை கேமராவில் இல்லை. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். தூக்கிய கையில் ஆறு விரல்.

"டீச்சர், அந்த நோட்டீஸ் போர்டுல இருக்கற சுற்றறிக்கைய எடுத்து வாசிங்க. சத்தமா."

"எதுக்கு?"

"வாசிங்களேன். மாப்ள, நீங்க அட்டையப் பாத்து டீச்சருக்கு மார்க் போடுங்க."

ஃபெலிசியா தாளை எடுத்து, கழிவறைகளில் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது பற்றிய சுற்றறிக்கையை வாசித்தார். மைக்கல் அட்டைக்கும் டீச்சருக்கும் நடுவில் கழுத்தை ஆட்டி ஆட்டி எண்ணினான்.

"கண் இமைக்கல. முடிக்கு ஏதோ அடிச்சிருக்காங்க, காத்தடிச்சாலும் அசையாது. ஒரு தோட்டுல முத்து விழுந்திடுச்சி, ரெண்டு காதும் ஒரே மாதிரி இல்ல. பவுடர் கழுத்துக்கு எறங்கல. செவப்புப் பேனா விரலோட சேந்து ஆறாவது விரல் மாதிரி இருக்கு." மிச்சத்தை அவன் விரல் விட்டு எண்ணி முடித்தான். "பத்துக்கு எட்டு, அத்தை. டீச்சரும் போலிதான்."

"நான் இங்கதானே நிக்கறேன்."

"அதையேதான் போலியும் சொல்லும், டீச்சர்."

கிருஷ்ணம்மா திரும்பி மருமகனை அதே அட்டையை வைத்து மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குப் பத்துக்கு ஒம்பது வருது மாப்ள. நீங்க நெஜம்தானான்னு என் மககிட்ட கேக்கணும்."

ஃபெலிசியா தன் கையால் எழுதிய அட்டையையே புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "அப்படின்னா இந்த அடையாளம் எல்லாம் சும்மாவா?"

"சும்மா இல்ல. ஆனா போலின்னு முடிவு பண்ணிட்டு தேடினா, எதுல வேணாலும் எட்டு கெடைக்கும். இப்ப சத்தத்தோட போடுங்க. டீச்சர் குரல விட்டுடுங்க. பின்னால கேளுங்க."

மூன்று பேரும் தலையை ஒட்டிவைத்துக் கேட்டார்கள். 'குலை பொறுக்குறது யாரு' என்று டீச்சர் முடிக்கிற இடத்தில், பின்னால் எங்கேயோ ஒரு பையன் குரல். கொட்டாவியோடு. "நாளைக்கு வெள்ளி, நல்லா தூங்கலாம்லா. ஞாயித்துக்கெழமதானே ஸ்கூல்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்," என்றார் ஃபெலிசியா. "அதுல என்ன?"

"மாப்ள, உங்களுக்கு?"

"தூங்கற புள்ள. தூங்கட்டும்."

"இன்னிக்கு என்ன கெழம?"

"வெள்ளி."

"வெள்ளிக்கெழம. ஸ்கூல் நடக்குது. நாம ஸ்கூல்ல நிக்கறோம்."

சொன்ன பிறகும் இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கோலாலம்பூர்க்காரர் யாராவது கேட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை என்ன பள்ளிக்கூடம் என்று நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார். ஜொகூரில் பத்து வருஷத்துக்கு மேல் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் அழுதுகொண்டே பள்ளிக்குப் போயின. பெரியவர்கள் அழாமல் வேலைக்குப் போனார்கள். 2025 பிறந்த அன்றுதான் அது சனி, ஞாயிறுக்கு மாறியது. மாறி ஒரு வருஷத்துக்கு மேலாகியும், இன்னும் வெள்ளிக்கிழமை காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு மாநிலத்தில் பாதிப் பேரைக் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பையன் சொன்னது ஜொகூர்க் காதுக்குத் தப்பாகவே படவில்லை. வகுப்பு முழுக்கக் கேட்டும் ஒருத்தருக்கும் படவில்லை.

"அலமாக்," என்று வாயைப் பிளந்தான் மைக்கல். "அப்படின்னா இது பழைய வீடியோ."

"லீவு மாறறதுக்கு முந்தி எடுத்தது. ஷர்மினி இப்பதான் மிஷின்ல செஞ்சதுன்னா, அதுக்குள்ள அந்தக் காலத்துப் பையன் எப்படி வந்து கொட்டாவி விட்டான்? மிஷினுக்கு ஜொகூர் லீவெல்லாம் தெரியாது. இது போலி இல்ல. நெஜம்."

கட்சிக்காரருக்காக நிரூபிக்க வந்ததற்கு நேர் எதிரானதைக் கால் மணி நேரத்தில் நிரூபித்த துப்பறிவாளர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை.

ஃபெலிசியா உட்கார்ந்தார். நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தார், நல்லவேளை இருந்தது.

"அப்ப நான்தான் சொல்லியிருக்கேன்."

மைக்கல் வீடியோவை மூடினான்.

"என் அப்பா குலை வெட்டினவரு அக்கா. இந்தக் காஹாங்லதான். நான் எப்படி அப்படிச் சொல்லியிருப்பேன்? ஆனா என் வாய்தானே அது." அவர் உள்ளங்கையால் வாயைத் தொட்டுப் பார்த்தார், அது இருக்கிற இடத்தை உறுதி செய்துகொள்வது போல. "ஒரு வாரமா எல்லார்கிட்டயும் மிஷின் மிஷின்னு சொல்லிட்டேன். ஒரு தடவை கூட, நான் எங்கயாவது சொன்னேனான்னு யோசிச்சே பாக்கல. போலின்னு சொல்லிக் கொடுத்தாங்க, நான் நம்பிட்டேன். எதையும் நம்பாதேன்னு பாடம் எடுக்கற நான்."

மைக்கல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமியாரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். இப்படி நடப்பது வருஷத்துக்கு ஒரு தடவை.

"டீச்சர்," என்றார் கிருஷ்ணம்மா, "இப்ப என்கிட்ட பேசும்போது எத்தன தடவ இமைச்சீங்க தெரியுமா?"

"என்ன?"

"மழையில மாட்டின ஆள் மாதிரி இமைச்சிக்கிட்டே இருந்தீங்க. வந்ததுலேருந்து அப்படித்தான். கழிவறைச் சுற்றறிக்கைய வாசிச்சீங்களே, அப்ப ஒரு தடவ கூட இமைக்கல. கண்ணு தாள விட்டு நகரல. நீங்க பேசும்போது இமைப்பீங்க. வாசிக்கும்போது இமைக்க மாட்டீங்க."

ஃபெலிசியா இமைத்தார்.

"வீடியோவுல நீங்க இமைக்கல. பார்வை கேமராவுல இல்ல, கீழ இருக்கு. மார்புக்குக் கீழ வெட்டியிருக்கு. ஏன்னா அங்கதான் தாள் இருக்கு. நீங்க அத சொல்லல டீச்சர். வாசிச்சீங்க. எழுதினது யாருன்னு மட்டும்தான் இப்ப கேள்வி."

*

ஷர்மினி கேண்டீனில் மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் கிருஷ்ணம்மா வந்து உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்ததும், மீ தானாகவே கரண்டியிலிருந்து தட்டுக்குத் திரும்பிப் போனது.

"நீதான் ஷர்மினியா? நல்லா வீடியோ செய்வியாமே."

"சுமாரா செய்வேன் ஆன்டி."

"எனக்கு ஒண்ணு வேணும். இது என் மாப்ள. இவர் மொகத்த வெச்சி ஒண்ணு செஞ்சி கொடு. எப்படிச் செஞ்சாலும் இருக்கறத விட மோசமா வராது."

"அங்கிள் அனுமதி கொடுக்கணும்," என்றாள் ஷர்மினி அவசரமாக.

"அங்கிளா?" என்றான் மைக்கல். அவனுக்கு முப்பத்து நான்கு வயது. "கொடுத்துட்டேன், போ."

"லேப்டாப்..."

"இந்தா, கைப்பேசியிலயே செய்யலாம். நான் காலையில எங்க அத்தைக்குச் செஞ்சேன். காது கன்னத்துல வந்துச்சி. உனக்கு நல்லா வரும், நீ சாம்பியன்."

ஷர்மினி கைப்பேசியைப் பார்த்தாள். கிருஷ்ணம்மாவைப் பார்த்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"எனக்குச் செய்யத் தெரியாது ஆன்டி."

"ம்."

"ட்ரை பண்ணேன். டீச்சருக்கு மீச வந்துச்சி. அழிச்சா தாடி வந்துச்சி. மறுநாள் போட்டி. என் குழுவுல எல்லாரும் என்னைத்தான் நம்பிக்கிட்டிருந்தாங்க. அப்புறம் அம்மாவோட பழைய போன்ல இந்த வீடியோ இருக்கறது ஞாபகம் வந்துச்சி. நான் மூணாம் படிவம் படிக்கும்போது எடுத்தது. டீச்சர் சொல்லவே மாட்டாங்கற மாதிரி அதுல பேசறாங்கல்ல, அதனால எல்லாரும் போலின்னு நெனப்பாங்கன்னு, அத மட்டும் வெட்டிக் கொடுத்துட்டேன்."

மைக்கல் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தான். "காப்பி அடிக்கறவங்கள பாத்திருக்கேன். ஆள் மாறாட்டம் பாத்திருக்கேன். போலி செய்யச் சொன்னா, நெஜத்தக் கொண்டாந்து போலின்னு ஏமாத்தின ஆள இப்பதான் பாக்கறேன். அத்தை, இந்தப் பொண்ண நம்ம ஆபீஸ்ல சேத்துக்கலாம்."

"உங்க வேலையத்தான் கொடுக்கணும், பரவாயில்லையா?" கிருஷ்ணம்மா ஷர்மினியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "டீச்சர் என்ன வாசிச்சாங்க?"

"நாடகம் ஆன்டி. தீபாவளி விருந்துக்கு. கெட்ட தலைமையாசிரியர் வேஷம் போட்ட அண்ணன் அன்னிக்கு வரல. அவன் வசனத்த டீச்சர் தாளப் பாத்துச் சும்மா வாசிச்சாங்க. ஒரே ஒரு நாள் ஒத்திகைதான். அப்புறம் வெள்ளம் வந்து ஸ்கூல் மூடி, நாடகமே நடக்கல. நடிச்ச அண்ணன்ங்க எல்லாம் ஸ்கூல் முடிச்சிப் போயிட்டாங்க. டீச்சருக்கே மறந்து போச்சி போல."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா டீச்சருக்கு இந்தக் கதி இல்ல."

"சொன்னா நான் ஏமாத்தினது தெரிஞ்சிடும். மிஷின்ல எப்படிச் செஞ்சேன்னு போட்டியில அர மணி நேரம் விளக்கம் வேற கொடுத்திருக்கேன்." அவள் கண் கலங்கியது. "ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்திடுவாங்கன்னு நெனச்சேன். டீச்சர் மாற்றல் கேப்பாங்கன்னு நெனக்கல ஆன்டி. யானைய பாக்கவே முடியல. மூஞ்சிய செவத்துப் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன்."

"முழு வீடியோ?"

ஷர்மினி பையிலிருந்து அம்மாவின் பழைய கைப்பேசியை எடுத்தாள். ஒரு வாரமாகத் தினமும் கொண்டு வந்திருக்கிறாள், தினமும் வெளியில் எடுக்காமல் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறாள். கிருஷ்ணம்மா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தார். பாதியில் அவர் தோள் குலுங்கியது. மைக்கல் பயந்துபோனான். கிருஷ்ணம்மா கடைசியாகச் சிரித்து மூன்று பிரதமர்கள் மாறிவிட்டார்கள்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. வீடியோ இவ்வளவுதானான்னு வீரமுத்து ஏன் கேட்டாருன்னு தெரிஞ்சி போச்சி."

*

மண்டபத்தில் காஹாங்கின் தமிழ்ப் பெற்றோர் அத்தனை பேரும் இருந்தார்கள். பிள்ளை இல்லாதவர்களும் இரண்டு பேர் வந்திருந்தார்கள், வேடிக்கைக்கு. மேடையில் சங்கத் தலைவர் வீரமுத்து. குலை லாரிகள் வைத்திருப்பவர். உட்கார்ந்தால் அவரே ஒரு லாரி மாதிரி இருப்பார். முன்வரிசை ஓரத்தில் ஃபெலிசியா, மடியில் எழுதி மடித்த மாற்றல் கடிதத்தோடு. ஷர்மினி ஒலிபெருக்கி முன்னால் நின்று, தான் போலி செய்யவில்லை, நாடக ஒத்திகையை வெட்டினேன் என்று சொல்லிவிட்டு அழுதாள். மைக்கல் திரையில் முழு வீடியோவின் ஆரம்பத்தைப் போட்டான். ஃபெலிசியா கையில் தாளோடு வசனத்தை வாசிப்பதும், அதற்குப் பிள்ளைகள் சிரிப்பதும் தெரிந்தது. மைக்கல் அங்கே நிறுத்தினான்.

மேடையில் வீரமுத்து தொண்டையைச் செருமினார்.

"இதுவும் மிஷின் செஞ்சது."

"என்னங்க தலைவரே?" என்றார் கிருஷ்ணம்மா.

"மொதல்ல அந்தப் பொண்ணு போலின்னு சொல்லிச்சி, இப்ப நெஜம்னு சொல்லுது. நாளைக்கு என்ன சொல்லும்? டீச்சரத் தப்பிக்க வைக்க இத ராத்திரியே செஞ்சிருக்கலாம்லா. நல்லா பாருங்க, கண்ணு இமைக்கல. ஆறு வெரல். அந்த அட்டையில எழுதியிருக்கே."

கூட்டத்தில் தலைகள் ஆடின. ஒரு வாரமாக எல்லாரும் கைப்பேசியில் படித்துப் படித்து விரல் எண்ணப் பழகியிருந்தார்கள். "ஆமா, ஆறுதான்," என்றார் ஒருவர். "நெழல் சரியில்ல," என்றார் இன்னொருவர், கண்ணாடியை மறந்து வந்தவர். ஃபெலிசியா கடிதத்தைப் பிரித்தார்.

கிருஷ்ணம்மா மேடைப் படியில் கால் வைத்தார். "அப்ப போலிதான்னு முடிவா?"

"முடிவு."

"இந்த வீடியோவுல இருக்கறது எதுவும் நடக்கல."

"எதுவும் நடக்கல."

"ரொம்ப நல்லது. நடக்காத விஷயத்தால யாருக்கும் மானம் போகப் போறதில்ல. மாப்ள, மிச்சத்தையும் போடுங்க."

வீரமுத்து எழுந்தார். லாரி கிளம்ப நேரம் பிடிக்கும். மைக்கல் அதற்குள் அழுத்திவிட்டான்.

திரையில் ஃபெலிசியா வசனத்தை முடித்துவிட்டு, "அடுத்தது அம்மா வேஷம், வாங்க," என்று கூப்பிட்டார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு பிரம்மாண்டமான பெண்மணி வந்தார். தலையில் சவுரி, நெற்றியில் சாஸர் அளவு பொட்டு, இடுப்பில் கத்திரிப்பூ நிறத்தில் பெரிய பெரிய மயில் போட்ட பாத்தேக் சாரோங். "ஐயா, என் புள்ளைய ஸ்கூல விட்டுத் தொரத்தாதீங்க ஐயா," என்று தலைமையாசிரியர் காலில் விழப் போனவர், சாரோங் விளிம்பை மிதித்து நிஜமாகவே விழுந்தார். துணி கிழிகிற சத்தம் மண்டபத்தின் நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது. மேடை அதிர்ந்து கேமரா ஆடியது. சவுரி மூன்றாவது வரிசை வரை பறந்தது. எழுந்து நின்றபோது முகம் நன்றாகத் தெரிந்தது. மீசையோடு.

மண்டபம் திரையைப் பார்த்தது. பிறகு மேடையைப் பார்த்தது. பிறகு திரையைப் பார்த்தது.

"அது நான் இல்ல," என்றார் வீரமுத்து. "மிஷின்."

மைக்கல் கணினி அறையிலிருந்து கழற்றி வந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு, "கண் இமைக்குது. பல் தெரியுது. முடி அசையுது, பறக்கவே செய்யுது," என்று தாழ்ந்த குரலில் படித்துக்கொண்டிருந்தான்.

"மிஷின்னு சொல்றேன்ல. இப்பல்லாம் யார் மொகத்த வேணாலும் எடுத்து..."

"ஏங்க."

மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து நின்றார். வீரமுத்துவின் மனைவி கஸ்தூரி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் வீரமுத்துவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்தச் சாரோங் என் அண்ணன் பத்து பகாட் டவுன்லேருந்து எனக்கு எடுத்துக் கொடுத்தது."

"இல்லம்மா, அது வந்து..."

"ரெண்டு வருஷமாத் தேடறேன். கொடியில காயப்போட்டது காணோம்னு பக்கத்து வீட்டு விஜயன் சம்சாரத்தச் சந்தேகப்பட்டு, அவங்களோட பேச்சையே விட்டுட்டேன். அவங்க பொண்ணு கல்யாணத்துக்குக் கூடப் போகல. நீங்களும்தான் ஆமா ஆமா அவங்க பாக்கற பார்வையே சரியில்லன்னு சொன்னீங்க." கஸ்தூரி திரையைக் காட்டினார். "மிஷினுக்கு என் சாரோங் எங்கேருந்துங்க கெடைச்சிச்சி?"

வீரமுத்து உட்கார்ந்தார். நாற்காலி ஏதோ சொன்னது.

"நெஜம்தான்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "எல்லாம் நெஜம். ஒத்திகைதான் அது. வீடியோவ மொத நாளே பாத்ததும் தெரிஞ்சிடுச்சி. ஒத்திகைன்னு சொன்னா முழுசாப் போடுங்கம்பாங்க. அதனால சும்மா இருந்துட்டேன். டீச்சர், மன்னிச்சிக்குங்க. நீங்க போயிட்டா விஷயம் அப்படியே அமுங்கிடும்னு..."

விரல் எண்ணியவர், நிழல் பார்த்தவர், எல்லாரும் திடீரென்று தங்கள் செருப்பைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். வரிசை கடைசியிலிருந்து விஜயன் சம்சாரம் எழுந்து வந்து, கஸ்தூரிக்குப் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். கஸ்தூரி கைப்பையைத் தூக்கி மடியில் வைத்து இடம் கொடுத்தார்.

ஃபெலிசியா கடிதத்தை நான்காகக் கிழித்தார். அப்புறம் ஷர்மினியைக் கூப்பிட்டார்.

"யானைய திங்கக்கெழம கொண்டா."

"சரி டீச்சர்."

"வகுப்புல முன்னால வந்து நின்னு, எங்க எல்லாரையும் எப்படி ஏமாத்தினேன்னு பாடம் எடு. மிஷின் கதைய எடுத்த மாதிரி அர மணி நேரம். அந்த அட்டைக்கு மேல எழுதறதுக்கு எனக்கு மூணு கேள்வி வேணும். யார் எடுத்தது, எப்ப எடுத்தது, மிச்சம் எங்க. பாடம் ஒழுங்கா இருந்தா யானைய திருப்பித் தரேன்."

"செவத்துப் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன் டீச்சர்."

"அப்படியே கொண்டா."

*

திரும்பும்போதும் முன்னால் ஒரு குலை லாரி. மைக்கல் அதன் பின்னாலேயே தவழ்ந்தான்.

"ஒண்ணு சொல்லணும் மாப்ள," என்றார் கிருஷ்ணம்மா.

"திட்டறதுன்னா ஓரமா நிறுத்திடறேன் அத்தை."

"வீரமுத்து எழுந்திரிச்சப்ப பதறாம சரியா அழுத்தினீங்க பாருங்க, அது நல்ல காரியம். நீங்க இல்லன்னா இன்னிக்கு அந்த டீச்சர் மாற்றல் கடிதத்தக் கொடுத்திருப்பாங்க. என் மாப்ள கெட்டிக்காரர்."

மைக்கல் காரை நிஜமாகவே ஓரமாக நிறுத்தினான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் கைப்பேசியை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"இன்னொரு தடவ சொல்லுங்க அத்தை. கடைசி வரி மட்டும்."

கிருஷ்ணம்மா கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னார். மைக்கல் அதை அப்படியே சிங்கப்பூருக்கு அனுப்பினான்.

காஹாங் எல்லையைத் தாண்டுவதற்குள் ரூபினியிடமிருந்து பதில் வந்தது.

'காது இந்தத் தடவை சரியா வந்திருக்கு. ஆனா அம்மா கண்ணே இமைக்கல. போலி.'